பூனைக்கண் குழந்தையின் காது

மயிலாப்பூர் மாட வீதியில் நீலக் கண்ணோடு ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். "பூனைக்கண்ணு! வெள்ளைக்காரக் குழந்தை மாதிரியே இருக்கு" என்பார் ஒருவர். "கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தியாம்மா?" என்று தாயைக் குடைவார் இன்னொருவர். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கரும்பழுப்புக் கண்ணே வழிவழியாக வந்த குடும்பத்தில் பளீரென்ற நீலக் கண்ணோடோ, ஒன்று நீலம் ஒன்று பழுப்பு என்றோ குழந்தை பிறந்தால், வார்டன்பர்க் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு காரணமாக இருக்கலாம். ஹாலந்து கண் மருத்துவர் வார்டன்பர்க் 1951-ல் விவரித்தது. ஏறக்குறைய 40,000 பேரில் ஒருவருக்கு வருவது. நிறமி தயாரிக்கும் செல்கள் கருவிலேயே சரியாக வளர்ந்து உரிய இடம் போய்ச் சேர்வதில்லை. கண்மணியைச் சுற்றிய வளையத்தில் நிறமி இல்லாவிட்டால் கண் நீலம். அங்கே நீலச் சாயம் ஏதும் கிடையாது. வானத்தைப் போல ஒளி சிதறுவதுதான். நெற்றி முடியில் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைக் கற்றை. இதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே செல்கள் உட்காதின் நத்தைச் சுருளுக்கும் வேண்டும். அங்கே இல்லையென்றால் குழந்தைக்குப் பிறவியிலேயே கேட்காது.

பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருப்பதுதான் வீட்டாரை ஏமாற்றுகிறது. பாட்டி தட்டைத் தட்டுவார், குழந்தை திரும்பும். திரும்பியது நிழலைப் பார்த்து. ஆகவே தட்டை நம்பாமல் முதல் மாதத்துக்குள் காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனையும், அதில் சந்தேகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் பெரா சோதனையும் கேட்டு வாங்குங்கள். பேச்சு பிடிபடும் வயது காத்திருக்காது. உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைப்பது 6 வயதுக்குள்தான். அடையாறு பால வித்யாலயா பச்சிளம் பருவத்துக் காதுகேளாக் குழந்தைகளுக்கென்றே நடக்கும் பள்ளி. மயிலாப்பூரில் காதுகேளாதோருக்கான கிளார்க் பள்ளியும் இருக்கிறது.

இரு காதிலும் 60 டெசிபல், அதற்கு மேல் இழப்பு இருந்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணைக்கு வரும், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு காது மட்டும் கேட்காத குழந்தை இந்தக் கணக்கில் வராது, அது எனக்கு உறுத்தல்தான். முன் பெஞ்சையாவது ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்க, வேண்டுமென்றே அவமதித்தால் அந்தச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பள்ளியில் சேர்க்க மறுத்தால் மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

கண்ணைக் கறுப்பாக்கச் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான வகைகளில் பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவரிடம் வெளியே தெரிவது இளநரை மட்டுமாகவும் இருக்கலாம். அதனால் மரபணு ஆலோசகரிடம் போகும் அன்று, கல்லூரி நாளிலிருந்தே தலைக்கு டை அடிப்பதை அப்பா மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.