ஒரகடத்திலிருந்து கடலடிக்கு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பணி நிமித்தம் வந்து, ஓய்வு நாட்களில் கடலடியைக் காண விரும்பும் பயணிக்கு, அழுத்தப்பட்ட காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து, மூச்சுவிட்டபடியே மூழ்கும் ஸ்கூபா முறையில் இரண்டு வழிகள் எளிதில் வாய்க்கின்றன. சாலைவழியே சென்றடையும் புதுச்சேரியில், பயிற்றுநருடன் மூழ்கும் அறிமுக முழுக்கும் சான்றிதழ்ப் பயிற்சியும் கிடைக்கின்றன. ஆயினும் அக்கரையோர நீர் வண்டலாலும் பருவமழையாலும் அடிக்கடி கலங்குவதால், தெளிவு நாளுக்கு நாள் மாறும். பவளப்பாறைகளே நோக்கமெனில், சென்னையிலிருந்து விமானத்தில் அந்தமானுக்குச் சென்று, 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கில் மூழ்குவதே மேல்.

தமிழகத்திலேயே மன்னார் வளைகுடாவில், கருவியேதுமின்றி மூச்சடக்கி முத்தும் சங்கும் எடுத்த தூத்துக்குடி முக்குளிப்போரின் மரபு போற்றத்தக்க பழமை உடையது. ஆனால் அங்குள்ள தீவுத்தொடர் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால், விரும்பிய இடத்தில் மூழ்க இயலாது.

10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காவதால், உடலில் கூடுதலாகக் கரையும் நைட்ரஜன் மெல்ல வெளியேற அவகாசம் தேவை; பலமுறை மூழ்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்பதால், ஞாயிறு மாலை விமானத்தில் திரும்புவோர் சனிக்கிழமையே முழுக்கை முடித்துவிட வேண்டும்.