எருத்தேன்பதியில் ஒரு மணமண்டபம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது பழமொழி. கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இவற்றுள் பின்னது இன்னும் கடினம். மண்டபத்தைக் கண்ணால் காணாமலே முன்பணம் அனுப்பிவிட்டு, முகூர்த்தத்திற்கு இரண்டு நாள் முன்பு ஊரில் இறங்கி அல்லலுறுவோர் நம்மிடையே பலர்.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று தம் மகள் திருமணத்தை ஆவணித் திங்களில் எருத்தேன்பதியில் நடத்த விரும்பிற்று. மணமகன் வீட்டார் கோயமுத்தூர்ப் பெரிய மண்டபம் ஒன்றையே நாடினர். ஆனால் மணமகளின் அப்பத்தா எருத்தேன்பதியை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாத முதுமையில் இருக்கிறார். அவரில்லாமல் தாலி ஏறுவதை மகளும் விரும்பவில்லை. ஊருக்குச் சென்றிருந்த எம்மை, அங்குள்ள மண்டபத்தை ஆராய்ந்து எழுதுமாறு அவர்கள் கேட்டுக்கொண்டனர். பிறர்க்கும் பயன்படும் என்றெண்ணி, கண்டவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி. 1956 நவம்பர் 1 முதல் கேரள மாநிலத்தைச் சேர்ந்திருப்பினும், வீட்டிலும் சந்தையிலும் தமிழே ஒலிக்கக் கேட்கலாம். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகவும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவும் வரலாம். வெளிநாட்டிலிருந்து வருவோர்க்குக் கோயமுத்தூர் விமான நிலையமே வசதி. வாடகை வண்டி அமர்த்துவோர், அடுத்த மாநிலத்துள் செல்ல அதற்கு உரிமம் உண்டா என முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

முதலில் பந்திக்கூடத்தைக் கண்டோம். ஒரு பந்திக்கு 180 இலை போடலாம். அழைக்கப்படுவோர் 600 பேர். ஆகவே நான்கு பந்தி; பந்திக்கு முக்கால் மணி எனக் கொண்டால் மூன்று மணி நேரம். காலை ஏழரைக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடியும். இது பொறுக்கத்தக்கதே. முதல் நாளிரவு கொங்கு முறைப்படி இணைச்சீர் செய்யவும், அருமைக்காரரும் சுற்றத்தாரும் அமரவும் மணவறையின் முன் போதிய இடம் உண்டு. முதியோர் ஏறப் படிகள் நான்கே. அதன் பக்கத்தில் சாய்தளமும் கட்டியிருக்கிறார்கள். அப்பத்தாவை நாற்காலியில் அமர்த்தியே மணவறை வரை கொண்டுசெல்லலாம்.

அடுத்து நீர். கேரளம் என்றவுடன் மழையை நினைப்போர் இப்பகுதியைப் பார்த்தல் வேண்டும். மாநிலத்தின் மேற்குப் பகுதிகளோடு ஒப்பிட இங்கு மழை மிகக் குறைவு. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவில் அளந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சிற்றூர்ப் பகுதிக்கு விடப்படவேண்டும். அந்நீரையே நம்பியிருக்கும் வயல்கள் பல. மண்டபத்திலோ ஆழ்குழாய்க் கிணறு உண்டு. "எவ்வளவு வேணுமின்னாலும் தண்ணி வருமுங்க" என்றார் மேற்பார்வையாளர். நாம் மூன்று குழாய்களை அரைமணி நேரம் திறந்துவைத்துப் பார்த்தோம், நீர் குறையவில்லை. ஆயினும் பங்குனி, சித்திரையில் லாரி நீர் வாங்குவதுண்டு என அண்டை வீட்டார் கூறினர். ஆவணியில் அவ்விடர் குறைவெனினும், ஒரு லாரி நீர் அவர்கள் பொறுப்பில் ஆயத்தமாக இருக்கவேண்டுமென எழுதி வாங்கினோம்.

குறை ஒன்று கண்டோம். பந்திக்கூடத்திற்கு மேற்கே சமையற்கூடம் அமைந்துள்ளது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுடையது. அதன் வழியே ஆவணியில் காற்று மேற்கிலிருந்து வீசும். அடுப்புப் புகை முழுதும் உண்போர் கண்ணில் படியும். தை மாதத் திருமணமாயின் காற்று கிழக்கிலிருந்து வருமாதலால் இக்குறை தோன்றாது. ஆவணிக்கு அடுப்புகளைக் கிழக்கு முற்றத்திற்கு மாற்றித் தகரக் கொட்டகை போட்டுத் தர இசைந்தனர். ஜெனரேட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே போதும், குளிர்சாதனம் இல்லை. மணமகன் வீட்டார்க்கு இதை முன்னரே சொல்லிவிடுதல் நன்று.

கழிவு பற்றியும் நம்மவர் அறிதல் வேண்டும். கேரளத்தில் 2020 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. நூறு பேருக்கு மேற்பட்டோர் கூடும் நிகழ்ச்சியை மூன்று நாள் முன்னரே உள்ளாட்சி அலுவலகத்தில் தெரிவித்து, குப்பை அகற்றக் கட்டணமும் செலுத்துதல் வேண்டும். வாழையிலையும் எவர்சில்வர் தம்ளருமே நமக்கு உகந்தவை.

இனி எல்லாவற்றினும் முதன்மையானது பதிவு. மணமகனை வெளிநாட்டிற்கு அழைத்துக்கொள்ளத் திருமணச் சான்றிதழ் இன்றியமையாதது. கேரளத்தின் 2008-ஆம் ஆண்டுப் பொது விதிகளின்படி, எச்சமயத்தவராயினும் திருமணம் நடந்த ஊராட்சியின் செயலரிடம் 45 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கும் காலம் 90 நாட்கள். மண்டபம் எல்லைக்கு எப்புறம் உள்ளதோ அம்மாநிலத்தின் சான்றிதழே கிடைக்கும். வெளிநாட்டிற்கான மேலொப்பமும் அம்மாநிலத்தின் வழியே பெறவேண்டும். நம் மண்டபம் கேரள எல்லைக்குள் உள்ளது. ஆதலின் மணமக்கள் விடுமுறை முடிந்து புறப்படுமுன் ஊராட்சி அலுவலகத்திற்குச் செல்ல ஒரு நாளை ஒதுக்குமாறு அக்குடும்பத்திற்கு எழுதினோம். மொழி பற்றி அஞ்சவேண்டா. தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது.

ஆவணிக்கு முன்பதிவு விரைவாக முடிந்துவிடும். ஆடியில் நாம் மணம் செய்யாதது போலக் கர்க்கடகத்தில் மலையாளிகளும் செய்வதில்லை. சிங்கம் பிறந்ததும் இருசாராரும் ஒருங்கே மண்டபம் தேடுகின்றனர். ஓணத்தை ஒட்டிய நாளாயின் கோயமுத்தூர்ச் சந்தையிலும் பூவின் விலை ஏறிவிடும். இதையெல்லாம் எண்ணி, ஓணம் கழிந்த முகூர்த்தம் ஒன்றைப் பரிந்துரைத்தோம்.

மணமகன் வீட்டாரும் இப்பொழுது இசைந்துவிட்டனர். அவர்கள் சுற்றத்தார் வர இரண்டு வண்டிகள் பெண் வீட்டார் செலவில் அமர்த்தப்படும். வரவேற்பு மட்டும் அடுத்த ஞாயிறன்று கோயமுத்தூரில் நடைபெறும். நீர், கொட்டகை, ஜெனரேட்டர், மண்டபத்தைக் காலிசெய்யும் நேரம் ஆகிய நான்கும் முன்பணச் சீட்டிலேயே எழுதப்பட்டுள்ளன.

எல்லைப் பகுதியில் வேறு மண்டபங்களைக் கண்ட அன்பர்கள், அவற்றின் நிறைகுறைகளை நமக்கு எழுதி அனுப்பினால், அடுத்த முகூர்த்தக் காலத்திற்குள் இவ்விதழில் வெளியிடுவோம்.