காலி டப்பாவும் கைவண்ணமும்

பெருநாள் நெருங்கிவிட்டால் அஸ்தினாபுரம், குரோம்பேட்டைக் கடைகளில் பளபளக்கும் பரிசுப் பெட்டிகளுக்குக் குறைவில்லை. உள்ளிருக்கும் பேரீச்சம்பழத்தைவிடப் பெட்டிக்கே விலை அதிகமாவதும் உண்டு. இவ்வளவு பகட்டாக நம்மால் கொடுக்க இயலாதே என்று கூசி, கொடுப்பதையே நிறுத்திவிடும் ஏழை உறவினரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டுப் பெண் தருவது ஆட்டின் குளம்பேயானாலும் அதை அற்பமாகக் கருதலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்கு அறிவுறுத்தியது புகாரீயில் பதிவாகியுள்ளது. கீழக்கரை வட்டாரத்துப் பெண்கள் சாயமேற்றிய பனையோலையில் பெட்டி முடைந்தனர். நமக்கோ அடுக்களையின் காலி டப்பா போதும்.

ஜாம் பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை நீக்குங்கள். பிஸ்கட் டின்னானால் துருப்பிடிக்காதவாறு உடனே துடைத்து உலர்த்துங்கள். மைதாவைக் கரைத்துக் காய்ச்சிய பசையை வெளிப்புறம் மட்டும் மெல்லியதாகத் தடவி, தையலில் மிஞ்சிய பருத்தித் துணியைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். விளிம்பில் பழைய சேலையின் சரிகைக் கரையைச் சுற்றுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நன்கு காயவிடுங்கள்.

பினாயில், பூச்சிமருந்து இருந்த டப்பாக்கள் அறவே வேண்டாம். இறைவசனங்களை எழுதுவதையும் தவிருங்கள். டப்பா என்றேனும் குப்பைக்குப் போகக்கூடும்.

தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. நீங்கள் தரும் டப்பாவோ, இனிப்புத் தீர்ந்தபின்னும் பருப்பு வைக்க உதவும். பெறுபவரும் கூச்சமின்றி அதிலேயே ஏதேனும் இட்டுத் திருப்பித் தருவார், இன்ஷா அல்லாஹ்!