சொல் கேட்கும் பாட்டு



வீட்டிலேயே பாட்டைப் பதிந்து, பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் வசதி இன்று நம் கைக்கு எட்டியிருக்கிறது. வீடு என்பது இதற்கு ஒரு குறையன்று. 1992ஆம் ஆண்டில் ஏ. ஆர். ரகுமான், சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த கூடத்திலிருந்துதான் 'ரோஜா' இசையை நமக்குத் தந்தார்.

அண்மையில் திண்டிவனத்து மாணவர் ஒருவர், தம் பாட்டியார் பாடிய நடவுப் பாட்டுக்குப் பறையும் ஆர்மோனியமும் சேர்த்து எனக்குப் போட்டுக் காட்டினார். பறை முழங்கியது, பாட்டியின் சொற்களோ விளங்கவில்லை. ஏட்டில் ஏறாத பாட்டு அது. அச்சொற்கள் மறைந்தால் வேறு எங்கே போய்த் தேடுவது?

இக்குறை எதனால் நேர்கிறது? முதற்காரணம் அறை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மூன்று மீட்டர் தொலைவிலுள்ள வெற்றுச் சுவரில் பட்ட குரல், நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் திரும்பி வந்துவிடும். அது தனி எதிரொலியாகக் கேளாது. சொல்லை மங்கச் செய்யும். ஆகவே பாடுபவரைச் சுற்றிப் பருத்தி மெத்தையோ கனத்த போர்வையோ தொங்கவிடுக. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். விழுப்புரத்தில் இருப்புப்பாதை ஓரத்தில் வீடு உடையவர்கள், வண்டி ஓசை அடங்கும் நேரம் பார்த்துப் பதிவது நன்று.

இரண்டாவது காரணம் நெருக்கடி. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டுமே கடத்தியது. எனினும் பேச்சு விளங்கிற்று. சொல்லின் தெளிவு பெரும்பாலும் அவ்வெல்லைக்குள் அடங்கியிருக்கிறது என்பது இதனால் புலப்படும். ஆர்மோனியமும் அங்கேயே ஓங்கி ஒலித்தால் குரல் மறைந்துபோகும். அப்போது குரலை உயர்த்தாதீர்கள், ஆர்மோனியத்தைத் தாழ்த்துங்கள். எல்லாவற்றையும் உயர்த்திக்கொண்டே போனால், எண்முறைப் பதிவின் உச்ச அளவை மீறிய அலையின் முகடு வெட்டுண்டு, ஒலி கரகரக்கும். நம் வட்டாரத் தெருக்கூத்திலும் முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம் எல்லாம் உண்டு. ஆயினும் கட்டியங்காரன் வாய் திறந்தால் அவை அடங்கி வழிவிடுகின்றன அல்லவா?

மூன்றாவது காரணம் நம் செவியே. ஒலி உரக்க இருக்கும்போது தாழ்ந்த சுரங்கள் நிறைவாகவும், மெல்லக் கேட்கும்போது குறைவாகவும் தோன்றும். ஃபிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933ஆம் ஆண்டிலேயே இதனை அளந்து காட்டினர். எனவே எப்பொழுதும் ஒரே மிதமான அளவில் கேட்டுக் கலவையைத் தீர்மானியுங்கள். பிறகு கைப்பேசியிலும் பெரிய ஒலிபெருக்கியிலும் போட்டுப் பாருங்கள். பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரை அழைத்து, காதில் விழும் சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவர் விட்ட இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

எதையும் கலக்குமுன், தனிக்குரல் பதிவின் படியொன்றைத் தொடாமல் எடுத்து வையுங்கள். கலவையை நாளை மீண்டும் செய்யலாம். பாடிய மூதாட்டியை மீண்டும் பாடச் சொல்ல எப்போதும் இயலாது.