களியக்காவிளை வழி நெடுந்தொலைவு சரக்குந்து ஓட்டமும் குளிர்காலச் சாலைப் பாதுகாப்பும்

களியக்காவிளை தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ள இவ்வூர், தென் தமிழ்நாட்டிலிருந்து தென் கேரளத்துக்குச் செல்லும் சரக்குந்துகளின் (லாரிகளின்) முதன்மை வாயில். அரிசி, காய்கறி, முட்டை, வாழைக்குலை, கருங்கல், எம்-சாண்ட், சிமெண்ட் ஆகியவை இவ்வழியே மேற்கே போகின்றன. ரப்பர், மீன், முந்திரிப் பருப்பு போன்றவற்றை ஏற்றிக்கொண்டு இப்பகுதி வண்டிகள் வட மாநிலங்கள் வரை செல்கின்றன. இந்நாட்டு ஓட்டுநருக்குக் குளிர்காலம் என்பது ஒரே வானிலை அன்று. ஊரில் அது அடைமழை, தருமபுரியில் மலைச்சரிவு, ஆக்ராவில் மூடுபனி, பனிகாலில் உறைபனி. ஒரே பயணத்தில் இவை நான்கையும் கடக்க நேரலாம்.

அமைவிடமும் சாலைகளும்

பன்வேலிலிருந்து மேற்குக் கடற்கரை வழியாகக் கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66 களியக்காவிளை ஊருக்குள்ளேயே செல்கிறது. 2010ஆம் ஆண்டு எண் மாற்றத்துக்கு முன் இப்பகுதி தேசிய நெடுஞ்சாலை 47 எனப்பட்டது. பழைய ஓட்டுநர்கள் இன்றும் அந்த எண்ணையே சொல்வதுண்டு. குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களை ஊடறுத்துச் செல்லும் இச்சாலை ஏற்ற இறக்கமும் வளைவும் மிக்கது. இருபுறமும் வீடுகளும் ரப்பர் தோட்டங்களும் நெருங்கி இருப்பதால் பல இடங்களில் ஒதுங்கி நிற்கவும் இடமிராது. மாற்றாக அமையவிருக்கும் நான்குவழிச் சாலைப் பணி நீண்ட காலமாக நடைபெற்று வருகிறது.

வடக்கே செல்லும் வண்டிகள் நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணற்றை அடைந்து தேசிய நெடுஞ்சாலை 44இல் சேருகின்றன. கன்னியாகுமரியையும் சிறீநகரையும் இணைக்கும் இச்சாலை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது; இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளுள் மிக நீளமானது. திருநெல்வேலி, மதுரை, சேலம், பெங்களூர், ஐதராபாத், நாக்பூர், ஆக்ரா, தில்லி, சம்மு ஆகிய நகரங்கள் இதன் தடத்தில் உள்ளன.

எல்லையும் சோதனைச் சாவடியும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதன்பின் களியக்காவிளை எல்லை ஊராயிற்று. சரக்குந்துகள் தமிழ்நாட்டுப் பக்கத்தில் களியக்காவிளையிலும் கேரளப் பக்கத்தில் அமரவிளையிலும் நின்று தாள்களைக் காட்டிச் செல்வது நெடுங்கால வழக்கம்.

2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சோதனை விலக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மின்வழிச் சீட்டு (இ-வே பில்) தேவை. 2021 முதல் இச்சீட்டு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகிறது. எல்லையில் காத்திருக்கும் நேரம் குறைந்தாலும், சீட்டு காலாவதியாகும் முன் சேர வேண்டும் என்ற நெருக்கடி ஓட்டுநருக்குப் புதிதாக வந்தது. வழியில் மழையோ பழுதோ குறுக்கிட்டால் சீட்டின் காலத்தை இணையவழி நீட்டிக்க விதியில் இடமுண்டு. இதை அறிந்த ஓட்டுநர், இழந்த நேரத்தை வேகத்தால் ஈடுகட்ட முயல வேண்டியதில்லை.

ஓட்டுநரின் வாழ்க்கை

களியக்காவிளையிலிருந்து தில்லி 2,700 கிலோமீட்டருக்கும் மேல். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓடினால் சென்றுசேர ஏழு நாள் ஆகும். சரக்கை இறக்கியபின் திரும்பும் வழிக்கு 'ரிட்டர்ன் லோடு' கிடைக்கும் வரை புக்கிங் அலுவலக வாசலில் காத்திருக்க வேண்டும். வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் செலவுக்கே வாடகை போதாது. ஆகவே ஒரு நடை முடிந்து வீடு சேரப் பல வாரங்கள் ஆவதுண்டு. சமையல், குளியல், தூக்கம் யாவும் வண்டியைச் சார்ந்தே நடக்கின்றன.

ஊதியம் பெரும்பாலும் மாதச் சம்பளமாக இல்லாமல், நடைக்கு இவ்வளவு என்றோ வாடகையில் ஒரு பங்கு என்றோ கணக்கிடப்படுகிறது. வழிச்செலவுக்குப் பேட்டா தனி. வண்டி நின்றால் வருமானமும் நிற்கும் என்பதால், ஓய்வு ஓட்டுநரின் சொந்தச் செலவாகி விடுகிறது. முன்பு வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பார். பின்பக்கம் பார்ப்பது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, இரவில் பேச்சுக் கொடுத்து விழித்திருக்கச் செய்வது ஆகியவை அவர் வேலை. பெரும்பாலான ஓட்டுநர்கள் கிளீனராக இருந்தே தொழில் கற்றவர்கள். செலவைக் குறைக்க இன்று பல வண்டிகளில் ஓட்டுநர் தனியாகவே செல்கிறார்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. நெடுந்தொலைவுத் தடங்களில் இதை 10 மணி, 54 மணி வரை நீட்டிக்க இடமளித்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யுமுன் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் கூறியது. இச்சட்டத்தின் கூறுகள் பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. எனினும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளரிடம் வேலை செய்தவர்கள் இதன் வரம்புக்கு வெளியே நின்றனர். தேசிய பெர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018இல் தளர்த்தப்பட்டது. சாலைப் பாதுகாப்பின் அடிப்படைச் சிக்கல் இங்குதான் உள்ளது: தூங்குவதற்கான நேரத்தை முடிவு செய்வது சட்டமும் உடலும் அல்ல, வாடகையே.

குளிர்காலத்தின் நான்கு முகங்கள்

ஊர்மழை: கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் புயல் அபாயமும் சேர்ந்து கொள்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் மாவட்டமெங்கும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாலைகள் துண்டிக்கப்பட்டன. நீண்ட இடைவெளிக்குப்பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்கும். தொடர்ந்து கொட்டும் மழையை விட முதல் அரை மணி ஆபத்தானது என்பது இதனால்தான்.

மலைச்சரிவு: பெங்களூரிலிருந்து திரும்பும் வண்டிகள் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் இறங்குகின்றன. அடிக்கடி விபத்து நிகழும் இடம் இது. டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டிவிடுவது இங்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அப்போது எஞ்சின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைந்து, இறுதியில் மிதித்தும் பயனற்றுப் போகிறது. ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லித் தரும் பாடம். மார்கழி விடியலில் கிருட்டிணகிரி, ஓசூர்ப் பகுதிகளில் பனிமூட்டமும் சேர்ந்து கொள்ளும்.

மூடுபனி: டிசம்பர், சனவரி மாதங்களில் ஆக்ரா, தில்லி, பானிப்பட்டு, அம்பாலாப் பகுதிகளில் அடர்ந்த மூடுபனி இறங்குகிறது. காற்றற்ற, மேகமற்ற இரவில் ஈரமான நிலம் விரைவாகக் குளிர்வதால், தரையை ஒட்டிய காற்றின் ஈரம் நுண்துளிகளாக மாறுகிறது. பார்வைத் தொலைவு 200 மீட்டருக்குக் கீழ் இருந்தால் அடர்மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழ் இருந்தால் மிக அடர்ந்த மூடுபனி என இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. தெற்கிலிருந்து முதன்முறை செல்லும் ஓட்டுநர் இதற்குப் பழகியிரார். விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும் இது மிகவும் அடர்த்தியாகும்.

உறைபனி: சம்முவைத் தாண்டினால் மலைச்சாலை. 2017இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள செனானி-நாசிரி சுரங்கச் சாலையும், 2021இல் போக்குவரத்துக்கு விடப்பட்ட பனிகால்-காசிகுண்டு சுரங்கச் சாலையும் பயணத்தை எளிதாக்கியுள்ளன. எனினும் இராம்பன் பகுதியில் நிலச்சரிவாலும் பனிப்பொழிவாலும் சாலை அடைபடுவது வழக்கம். சரக்குந்துகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கிறது. இதற்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் –33 பாகை செல்சியசு வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குப் பகுதிக்கென அறிமுகம் செய்தது. பி.எஸ்.-6 வண்டிகளில் ஊற்றும், ஓட்டுநர்கள் 'யூரியா' என அழைக்கும் கரைசலும் –11 பாகையளவில் உறைந்துவிடும்.

வேகமும் நிறுத்தத் தொலைவும்

தடையைக் கண்டதிலிருந்து பிரேக்கை மிதிக்கும் வரை சுமார் ஒன்றரை நொடி கழிகிறது. ஈரச்சாலையில் பாரவண்டியின் வேகம் நொடிக்கு நொடி 4 மீட்டர் குறைகிறது எனக் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 21 மீட்டர் தேவை.
40 கி.மீ. வேகத்தில் 32 மீட்டர்.
60 கி.மீ. வேகத்தில் 60 மீட்டர்.
80 கி.மீ. வேகத்தில் 95 மீட்டர்.

மூடுபனியில் 50 மீட்டரே தெரியும்போது 60 கி.மீ. வேகத்தில் செல்பவர், முன்னால் நிற்கும் வண்டியைக் கண்டவுடன் முழு பிரேக் அடித்தாலும் 30 கி.மீ.-க்கும் மேலான வேகத்தில் அதில் மோதுவார். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். காற்று பிரேக் செயல்படத் தொடங்க எடுக்கும் சிறு நேரம், தேய்ந்த டயர், அனுமதிக்கு மேற்பட்ட பாரம் ஆகியவை இத்தொலைவை இன்னும் கூட்டுகின்றன. தெரியும் தொலைவுக்குள் நிற்கக்கூடிய வேகமே சரியான வேகம் என்பது இக்கணக்கின் சாரம்.

தூக்கத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண் அயர்ந்தால் வண்டி 50 மீட்டர் ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம். பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உடல் இயல்பாகவே தூக்கத்தை நாடும். மூடுபனி அடர்வதும் ஏறக்குறைய அந்நேரத்திலேயே.

புறப்படும் முன்

• டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி (1.6 மில்லிமீட்டர்) மேற்பரப்பைத் தொட்டுவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நன்று.
• காற்றுத் தொட்டியில் சேரும் நீரை நாள்தோறும் திறந்துவிட வேண்டும். குளிர்ப் பகுதியில் அந்நீர் உறைந்தால் பிரேக் இயங்காது.
• பின்விளக்கு, இண்டிகேட்டர், ஒளி எதிரொளிக்கும் பட்டை ஆகியவற்றில் படியும் சேற்றை ஒவ்வொரு நிறுத்தத்திலும் துடைக்க வேண்டும்.
• ஓட்டத்தில் கயிறு தளரலாம். தார்ப்பாய்க் கட்டை முதல் 50 கிலோமீட்டருக்குள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.
• வடக்கே செல்பவர் கம்பளி, கையுறை, உலர் உணவு, கூடுதல் குடிநீர், மலைப் பகுதிக்குச் சக்கரச் சங்கிலி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்.

ஓடும்போது

• மூடுபனியில் ஹை பீம் கூடாது. ஒளி பனித்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். லோ பீமும் பனிவிளக்கும் போதும்.
• ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டால் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. நிற்கும்போது மட்டுமே அவற்றை எரியவிட வேண்டும்.
• முன் செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கை நம்பி அதை நெருங்கித் தொடரக் கூடாது. இடப்பக்க வெள்ளைக் கோட்டை வழிகாட்டியாகக் கொள்ளலாம்.
• வெள்ளத்தைக் கடந்தபின் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை இலேசாக மிதித்து உலர்த்த வேண்டும். ஓடும் நீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்கக் கூடாது.
• வெறும் வண்டிக்குத் தரைப்பிடிப்பு குறைவு. பாரம் இல்லை என்பதற்காக மழையில் வேகம் கூட்டுவது தவறு.

நிற்கும்போது

பார்வை முற்றிலும் மறைந்தால் சாலையோரத்தில் நிறுத்தாமல், பெட்ரோல் பங்க், தாபா, சுங்கச் சாவடி ஆகியவற்றின் நிறுத்துமிடம் வரை மெல்லச் சென்று நிற்பதே பாதுகாப்பு. விளக்கின்றி ஓரத்தில் நிற்கும் வண்டியில் பின்னால் வருவோர் மோதுவது மூடுபனிக்கால விபத்துகளில் அடிக்கடி காணப்படுவது. பழுதாகி நின்றால் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் போதிய தொலைவில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆட்கள் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம்.

குளிருக்காக மூடிய கேபினுக்குள் கரி அடுப்போ ஸ்டவ்வோ எரிப்பது உயிர்க்கொல்லி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூங்குபவர் எழுவதே இல்லை. சமையல் எப்போதும் வெளியிலேயே நடக்க வேண்டும். தூக்கத்துக்குக் கம்பளி போதும்.

அண்மைக்கால மாற்றங்கள்

நடுத்தர, கனரகச் சரக்குந்துகளில் ஓட்டுநர் கேபினுக்குக் குளிர்சாதன வசதி 2025இல் கட்டாயமாக்கப்பட்டது. இது கோடைக்கு மட்டுமன்றி, மழையில் கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கவும் உதவும். 2024 சனவரித் தொடக்கத்தில், விபத்து நடந்த இடத்தை விட்டு ஓடுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்கிதா 106(2) பிரிவை எதிர்த்து நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு சூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. கூட்டம் தாக்கும் என்ற அச்சத்தால் ஓட வேண்டியிருப்பதாக ஓட்டுநர்களும், காயம்பட்டவர் சாலையில் விடப்படுவதாக மறுதரப்பினரும் கூறினர். அந்நிலையில் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று உடனே தகவல் தெரிவிப்பது இருவருக்கும் பாதுகாப்பானது.

2025 மே 2 அன்று முறையாகத் தொடங்கி வைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் களியக்காவிளைக்கு அண்மையில் உள்ளது. ஆகவே இச்சாலையில் பாரவண்டிகள் பெருக வாய்ப்புண்டு. நிறுத்துமிடம், கழிப்பறை, ஓய்வறை ஆகியவற்றை எல்லையிலேயே அமைப்பது ஓட்டுநருக்கு மட்டுமல்ல, அதே சாலையில் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் ஊராருக்கும் தேவையானது ஆகும்.