தண்ணீர் குறைந்தால் மோட்டார் எரியும்!
போர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரம் தோட்டங்களுக்குப் பெயர் போனது. பலாவும் வாழையும் பூக்களும் அங்கே விளைகின்றன. ஆனால் வற்றாத ஆறு அங்கே கிடையாது. போர் தண்ணீரை நம்பித்தான் விவசாயம்.

பூச்செடிக்குத் தண்ணீர் பாய்கிறது. திடீர் என்று குழாயில் தண்ணீர் நிற்கிறது. மெக்கானிக் வந்து பார்க்கிறார். "காயில் போய்விட்டது" என்கிறார்.

குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மோட்டாரை மேலே தூக்க வேண்டும். காயில் கட்டி, மறுபடியும் இறக்க வேண்டும். செலவு ஒரு பக்கம். அதற்குள் செடி வாடுவது மறு பக்கம்.

காயில் ஏன் எரிகிறது?

சூடுதான் எதிரி

காயில் என்பது செம்புக் கம்பிச் சுற்று. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகும். கம்பிக்குக் கம்பி மின்சாரம் தாவாமல் இருக்க, மேலே ஓர் உறை உண்டு. சூடு அதிகமானால் உறை கெட்டுவிடும். தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி கூடினால், உறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இது என்ஜினீயர்கள் சொல்லும் கணக்கு.

இந்தச் சூட்டைத் தணிப்பது எது? நாம் இறைக்கும் தண்ணீரேதான்! போருக்குள் மோட்டார் அடியில் இருக்கிறது. பம்பு அதற்கு மேலே இருக்கிறது. தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு பம்புக்குள் போகிறது. போகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. தண்ணீர் வற்றினால் சூடு போக வழி இல்லை. காயில் கருகுகிறது.

மேல் ஊற்று

சில போர்களில் ஊற்று பம்புக்கு மேலே இருக்கும். தண்ணீர் மேலிருந்து இறங்கி, நேராகப் பம்புக்குள் புகுந்துவிடும். மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், ஆனால் ஓடாது. அதனால் சூடு தணியாது. இதற்கு மோட்டாரைச் சுற்றி ஓர் உறைக்குழாய் மாட்டுவது உண்டு. அப்போது தண்ணீர் கீழே போய், மோட்டாரைத் தொட்டுக்கொண்டுதான் மேலே ஏறும். போரின் அகலம் அதற்கு இடம் தர வேண்டும்.

முள்ளைப் பாருங்கள்!

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் மீட்டர் இருக்கும். முள் வழக்கத்தைவிட இறங்கினால், தண்ணீர் குறைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். முள் ஏறினால் வோல்டேஜ் குறைந்திருக்கலாம். பம்பில் மணல் சிக்கியிருக்கலாம். 3 பேசில் ஒன்று போனாலும் ஆபத்துதான். தண்ணீர் இல்லாதபோதும், பேஸ் போனபோதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன.

சிலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும் மாட்டுகிறார்கள். நடு இரவில் மின்சாரம் வருகிறது. மோட்டார் தானே ஓடுகிறது. போரில் தண்ணீர் இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். காலையில் பார்த்தால் மோட்டார் போய்விட்டது!

அடிக்கடி போட்டு நிறுத்துவதும் கூடாது. கிளம்பும் நேரத்தில் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதுவும் சூடுதான்.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கும் போரா? 50 நிமிடத்தில் நிறுத்துங்கள். நன்றாக ஊற விட்டு மறுபடியும் போடுங்கள். மோட்டாரும் பிழைக்கும். செடியும் பிழைக்கும்.