மோதிரம் வாங்கப் போறீங்களா? காரட்டைக் கேட்கும் முன் 'கட்'டைக் கேளுங்க

"சேர்ந்து வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?"

சிங்கப்பூரில் பல ஜோடிகளுக்கு இதுதான் திருமணக் கோரிக்கை. மோதிரம் அதற்குப் பிறகுதான் வரும். வரும்போது குழப்பத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி: "எத்தனை காரட் பார்க்கறீங்க?" வீட்டில் அம்மாவிடம் சொன்னால், "கரும்புள்ளி இல்லாம பார்த்து வாங்கு" என்பார். ஒருவர் எடையைக் கேட்கிறார், இன்னொருவர் தெளிவைக் கேட்கிறார். கல் மின்னுமா மின்னாதா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்யும் 'கட்' பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

காரட், நிறம், தெளிவு, கட் என வைரத்தின் தரத்துக்கு 4 அளவுகோல்கள் உண்டு. நிறமும் தெளிவும் கல்லோடு பிறந்தவை. கட் முழுக்க முழுக்க மனிதரின் கைவேலை.

கட் என்றால் வடிவம்தானே?

இல்லை. வட்டம், நீள்வட்டம், சதுரம் எல்லாம் வடிவங்கள். அந்த வடிவத்துக்குள் பட்டைகள் எந்தக் கோணத்தில், எந்த விகிதத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான் கட்டின் தரம். எடை, நிறம், தெளிவு மூன்றும் ஒன்றாக இருக்கும் 2 வட்ட வைரங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஜொலிக்கும். இன்னொன்று கண்ணாடித் துண்டு மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

காரணம், நீங்கள் உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் படித்த முழு அக எதிரொளிப்பு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. வைரத்துக்கு அது 2.42. அதனால் உள்ளே போன ஒளி அவ்வளவு எளிதில் வெளியே தப்ப முடியாது. நல்ல கட் உள்ள கல்லில், மேலிருந்து நுழையும் ஒளி அடிப்பாகத்தின் ஒரு பக்கத்தில் மோதி, மறுபக்கத்துக்குப் பாய்ந்து, மீண்டும் மேலே வந்து உங்கள் கண்ணைத் தொடும்.

அடிப்பாகம் ரொம்பத் தட்டையாக இருந்தால் ஒளி கீழே கசிந்துவிடும். ரொம்ப ஆழமாக இருந்தால் நடுப்பகுதி கறுத்துத் தெரியும். பெல்ஜியத்தில் பிறந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வட்ட வைரத்தின் அடிப்பாகத்துக்கு அவர் சொன்ன கோணம் 40.75 பாகை. ஓரிரு பாகை விலகினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

கோஹினூரே 'டல்' அடித்த கதை

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோஹினூர் வைரம் வைக்கப்பட்டது. ஆசையோடு பார்க்கப் போனவர்களுக்கு ஏமாற்றம். அவ்வளவு பெரிய கல், ஆனால் மின்னவில்லை. கல்லின் அளவைக் காட்டுவதற்கான பழைய இந்தியப் பாணியில் அது தீட்டப்பட்டிருந்தது.

மறு ஆண்டே விக்டோரியா அரசியாரின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டின் மேற்பார்வையில் அதை மறுபடி தீட்டினார்கள். இன்றைய கணக்கில் சுமார் 191 காரட்டாக இருந்த கல் 105.6 காரட்டாகச் சுருங்கியது. மின்னுவதற்காகக் கிட்டத்தட்டப் பாதி எடையைப் பலிகொடுத்தார்கள். அது சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. (அந்தக் கல் யாருக்குச் சொந்தம் என்பது அதைவிடப் பெரிய வாதம்!)

எடையா, ஒளியா என்ற அதே இழுபறி நீங்கள் வாங்கும் சின்னக் கல்லிலும் உண்டு. 0.5, 1 காரட் போன்ற எல்லைகளைத் தொட்டதும் விலை ஏறிவிடும். அதனால் 0.92 காரட்டில் அழகாக முடிக்கக்கூடிய கல்லை, அடியைக் கொஞ்சம் கனமாக விட்டு 1 காரட்டாகத் தேற்றும் ஆசை தீட்டுபவருக்கு வரலாம். சில நேரம் எடை இடுப்பிலும் ஒளிந்திருக்கும். கல்லின் மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் விளிம்பைச் சொல்கிறேன், ஒட்டியாணம் கட்டும் இடம் மாதிரி! மோதிரத்தில் பதித்த பிறகு அந்தக் கனம் வெளியே தெரியாது. நீங்கள் காசு கொடுத்தது மட்டும் மிச்சம்.

எனவே காரட்டோடு மில்லிமீட்டரையும் கேளுங்கள். நல்ல கட் உள்ள 1 காரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். அது 6.2 என்று இருந்தால், கிட்டத்தட்ட 0.9 காரட் கல்லின் தோற்றத்துக்கு 1 காரட் விலை கொடுக்கிறீர்கள்.

நீள்வட்டம் பிடித்திருக்கா? கொஞ்சம் கூடுதல் கவனம்

நீள்வட்ட வைரம் விரலை நீளமாகக் காட்டும். அதே எடையில் வட்டக் கல்லைவிடப் பெரிதாகவும் தெரியும். ஆனால் ஒரு சிக்கல். ஜிஐஏ எனும் அமெரிக்க ரத்தினவியல் நிலையம் தன் வழக்கமான அறிக்கையில் வட்ட வைரத்துக்கு மட்டுமே 'கட்' தரம் கொடுக்கிறது. 2006இலிருந்து இப்படித்தான். நீள்வட்டம், பேரிக்காய், சதுர வடிவங்களின் அறிக்கையில் 'எக்ஸலண்ட்' என்று 2 இடங்களில் பார்ப்பீர்கள். அவை மெருகுக்கும் சமச்சீருக்கும் கிடைத்த மதிப்பெண்கள். "எல்லாமே எக்ஸலண்ட்தான்" என்று விற்பனையாளர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒளி எப்படித் திரும்பும் என்பதை அந்த 2 சொற்களும் சொல்லவில்லை.

அங்கே உங்கள் கண்தான் தேர்வாளர். கல்லின் நடுவில் குறுக்காக, கழுத்தில் கட்டும் 'போ டை' வடிவில் ஒரு கறுப்பு நிழல் தெரிகிறதா? லேசாக இருப்பது சகஜம். கல்லை அசைத்தாலும் அது நகராமல் கறுப்பாகவே நின்றால் வேறு கல்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மரகத வடிவத்தில் பட்டைகள் படிக்கட்டு மாதிரி இருக்கும். அது பொறிப்பொறியாக மின்னாது, அகலமாகப் பளிச்சிடும். உள்ளே இருக்கும் புள்ளி மறைய இடமே இல்லை. அம்மா சொன்ன கரும்புள்ளி அறிவுரையை இங்கே அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். சதுரமான 'பிரின்சஸ்' என்றால் 4 முனைகளும் உடையாதபடி உலோகப் பிடி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் என்ன செய்யலாம்?

நகைக்கடையின் கூரை விளக்குகளுக்குக் கீழே சுமாரான கல்லும் துள்ளும். "கொஞ்சம் ஜன்னல் பக்கம் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு கையால் நிழல் கொடுத்துப் பாருங்கள். அலுவலகத்திலும் எம்ஆர்டி ரயிலிலும் அந்த மோதிரம் சாதாரண வெளிச்சத்தில்தான் இருக்கப்போகிறது.

ஆய்வுக்கூடத்தில் உருவான வைரமாக இருந்தாலும் இதே சோதனைதான். ஒளிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பட்ஜெட் இடித்தால்? என்னைக் கேட்டால், காரட்டைக் குறையுங்கள், நிறத்தில் ஒரு படி இறங்குங்கள். கட்டில் இறங்காதீர்கள்.

அறிக்கையின் எண் கல்லின் இடுப்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அதைக் காட்டச் சொல்லுங்கள். அதே எண்ணை ஆய்வகத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வாங்கிய சில வாரங்களில் "என்ன, மங்கிப்போச்சு?" என்று தோன்றினால் பயப்பட வேண்டாம். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென ஒட்டிக்கொள்ளும். கைக்குப் பூசும் கிரீமே போதும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு, மென்மையான பழைய பல்துலக்கி. தேய்க்கும் முன் கழுவுதொட்டியின் துளையை மட்டும் மறக்காமல் மூடிவிடுங்கள்.